கச்சான் கடைக் கணக்கும் கொப்பிக் கணக்கும்: ரீச்சரிட்டக் கேளுங்கோ

இந்த முறை வந்த கடிதங்களில பாதிக்கு மேல ஒரே விசயம்தான். 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை முடிவு வந்த கையோட எல்லாரும் எழுதிப்போட்டினம். "என்ர பிள்ளைக்கு மூளை இருக்கோ" எண்ட கேள்வியை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமாக் கேட்டிருக்கினம். ஏழு கடிதம் எடுத்து வைச்சிருக்கிறன், ஊர்ப்பேர் மட்டும் போடுறன், ஆக்களின்ர பேர் வேண்டாம்.

தருமபுரத்தில இருந்து ஒரு அம்மா: ரீச்சர், என்ர மகனுக்கு ஸ்கொலசிப்பில 118தான் வந்தது, வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 160. இவர் கோவத்தில "உவனுக்கு மூளை இல்லை, மாடு மேய்க்க விடு" எண்டு எல்லாருக்கும் முன்னால பேசிப்போட்டார், பிள்ளை ரண்டு நாளாச் சாப்பிடேல்ல. ஆனால் லீவு விட்டால் முறிகண்டியில என்ர தம்பியின்ர கச்சான் கடையில தனியா நிண்டு யாவாரம் பாப்பான், ஒரு சதம் பிழைக்காது. மூளை இல்லாத பிள்ளை எப்பிடி ரீச்சர் அதைச் செய்யும்?

தங்கச்சி, உங்கட கடிதத்தை ரண்டு தரம் வாசிச்சன். முதல்ல பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து சோத்தைக் குடுங்கோ, மற்றதெல்லாம் பேந்து.

முறிகண்டி எண்டு நீங்கள் எழுதினவுடன எனக்கு ஒரு ஞாபகம். ஏ9 ரோட்டால போற வாற வாகனங்கள் பிள்ளையாரைக் கும்பிடாமல் போறேல்ல, கும்பிட்ட சனம் கச்சான் வாங்காமல் திரும்பி ஏறுறேல்ல. ஒருக்கா வவுனியாவுக்குப் போகேக்க பஸ் அங்க நிண்டது, இறங்கிப் போனால் ஒரு கடையில உங்கட மகன் வயசில ஒரு பொடியன். சின்னப் பைக்கற் 150, பெரிசு 350. நான் சின்னன் மூண்டும் பெரிசு ரண்டும் எடுத்து ரண்டாயிரத்தைக் குடுத்தன். "ஆயிரத்து நூற்றைம்பது அம்மா" எண்டு சொல்லிக்கொண்டே 50 ரூபாவை என்ர கையில வைச்சான், "ஆயிரத்து இருநூறு", பிறகு மூண்டு நூறு ரூபாத் தாள், "ஆயிரத்து ஐநூறு", பிறகு ஒரு ஐநூறு, "ரண்டாயிரம், சரியோ அம்மா". பத்துச் செக்கன் கூட எடுக்கேல்ல. படிப்பிச்ச பழக்கம் விடாதெல்லோ, சரை சுத்துற கடதாசி ஒண்டில 2000 எண்டு எழுதி அதுக்குக் கீழ 1150ஐ எழுதி, "இதைக் கழி தம்பி" எண்டு பேனையைக் குடுத்தன். நாக்கைக் கடிச்சுக்கொண்டு, கடதாசியோட முகத்தை ஒட்டிக்கொண்டு எழுதினான். விடை 1150.

என்ன நடந்தது தெரியுமோ? சைபரில இருந்து அஞ்சைக் கழிக்க ஏலாது எண்டிட்டு அஞ்சில இருந்து சைபரைக் கழிச்சிருக்கிறான், அடுத்ததிலயும் அப்பிடித்தான், எது மேல எது கீழ எண்டு பாக்காமல் பெரிசில இருந்து சின்னனைக் கழிச்சுக் கழிச்சுக் கொண்டு போயிருக்கிறான். "இப்ப எனக்கு எவ்வளவு மிச்சம் தந்தனி" எண்டு கேட்டன், 850 எண்டான். "கடதாசியில என்ன எழுதியிருக்கிறாய்?" "1150." ரண்டும் ஒரே கணக்கு எண்டு அவனுக்குத் தெரியேல்ல. நான் சொல்லேக்கதான் கடதாசியையும் காசுப் பெட்டியையும் மாறி மாறிப் பாத்தான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கேல்ல, ஏனெண்டால் கனவருசம் நானும் வகுப்பில இப்பிடியான விடைக்குச் சிவப்புப் பேனையால பிழை போட்டிட்டுப் பேசாமல் அடுத்த கொப்பியை எடுத்தனான்.

இது எங்கட பிள்ளையளுக்கு மட்டும் உள்ள விசயம் இல்லை. பிரேசிலில ரெசிஃபே எண்டொரு நகரம், அங்க தெருவில யாவாரம் செய்யிற 5 பிள்ளையளை வைச்சுக் கராஹேர், ஷ்லீமன் எண்ட ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆய்வு செய்து 1985இல வெளியிட்டவை. வாங்க வந்த ஆக்கள் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டிருக்கினம். 12 வயசுப் பிள்ளை ஒண்டு, ஒரு தேங்காய் 35 குருசேரோ எண்டால் 10 தேங்காய் என்ன விலை எண்டு கேக்க, மூண்டு 105, இன்னொரு மூண்டோட 210, இன்னும் நாலு வேணும் எண்டு கூட்டிக் கூட்டி 350 எண்டு சரியாச் சொல்லியிருக்கு. பத்தால பெருக்கினால் சைபர் ஒண்டு போட்டால் சரி எண்டு பள்ளிக்கூடத்தில சொல்லிக்குடுத்த வழிய அது எடுக்கவே இல்லை. தெருவில கேட்ட கணக்கில அந்தப் பிள்ளையள் நூற்றுக்கு 98 சரியாச் செய்திருக்குதுகள், பிறகு அதே மாதிரிக் கணக்கை வெறும் இலக்கமா எழுதிக் குடுத்தால் நூற்றுக்கு 37தான். பிள்ளையும் அதே பிள்ளை, மூளையும் அதே மூளை.

உங்கட அவருக்கு இன்னொண்டும் சொல்லுங்கோ. மூளையை அளக்கிற சோதனை எண்டு உலகத்தில முதல்ல நடைமுறைக்கு வந்தது பிரான்சில, 1905இல அல்பிரட் பினே எண்டவரும் தியோடோர் சிமோன் எண்டவரும் செய்தது. அது பிள்ளையளைக் கழிச்சு விடுறதுக்குச் செய்ததில்லை, எந்தப் பிள்ளைக்குக் கூட உதவி வேணும் எண்டு கண்டுபிடிக்கத்தான் செய்தது. ஒரு பிள்ளையின்ர அறிவு இவ்வளவுதான், அதுக்கு மேல வளராது எண்டு சொல்லுற ஆக்களை எதிர்த்து 1909இல பினேயே எழுதினவர். எங்கட புலமைப்பரிசிலும் கல்வி மந்திரியா இருந்த கன்னங்கராவின்ர காலத்தில, 1940களில, வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளையளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்க வேணும் எண்டு தொடங்கினதுதான். இப்ப 3 லட்சத்துக்கு மேல பிள்ளையள் எழுதுதுகள், அதில கனபேர் வெட்டுப்புள்ளிக்குக் கீழதான். 10 வயசுப் பிள்ளை ஒண்டு ஒரு காலமை இருந்து எழுதின ரண்டு பேப்பரைப் பாத்து அதின்ர சீவியத்தை ஒருத்தரும் சொல்ல ஏலாது.

ஆனால் தங்கச்சி, "அவனுக்குக் கடைப் புத்தி இருக்கு, கொப்பிப் படிப்பு வேண்டாம்" எண்டு மட்டும் முடிவெடுத்துப் போடாதேங்கோ. இரவைக்கு ஒரு தட்டில சில்லறைக் காசைக் கொட்டி அவனைக் கடைக்காரன் ஆக்குங்கோ, அவன் மிச்சம் தாற விதத்தை அப்பிடியே கொப்பியில வரி வரியா எழுதச் சொல்லுங்கோ, 1150, 1200, 1500, 2000 எண்டு. பிறகு பக்கத்தில பள்ளிக்கூட முறையில கழிச்சு ரண்டும் ஒரே விடை வருதோ எண்டு அவனே பாக்கட்டும். ரண்டு கிழமை, ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் காணும். தகப்பனையும் பக்கத்தில இருத்துங்கோ, மகனிட்டச் சாமான் வாங்கிற ஆள் அவர்தான்.

வவுனியாவில இருந்து ஒரு அப்பா: வணக்கம் ரீச்சர். எங்கட பக்கத்தில ஒரு மண்டபத்தில கூட்டம் வைச்சவை. பிள்ளையின்ர பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் பண்ணினால் எட்டு வகை அறிவில எது எத்தினை வீதம், பிள்ளை டொக்டரோ எஞ்சினியரோ எண்டெல்லாம் றிப்போட் தருவினமாம். அமெரிக்கப் பேராசிரியர் ஒராளின்ர கண்டுபிடிப்பு எண்டு சொன்னவை. ஒரு பிள்ளைக்கு 12,500 ரூபா. ரண்டு பிள்ளையளுக்கும் எடுக்கவோ?

எடுக்காதேங்கோ தம்பி. அந்தக் காசுக்குப் பிள்ளையளை ஒருக்கா மடு, மன்னார் எண்டு கூட்டிக்கொண்டு போய்க் காட்டிக்கொண்டு வாங்கோ.

விரல்ரேகை தாயின்ர வயித்துக்குள்ளயே வந்திடும், பிறகு சாகுமட்டும் மாறாது. பிள்ளை கதை கேட்டு, விளையாடி, விழுந்தெழும்பி, படிச்சு வளருற அறிவை அந்த ரேகை எப்பிடிச் சொல்லும்? ரேகையைப் பாத்து அறிவைச் சொல்லலாம் எண்டதுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை.

அவை பேர் சொல்லாமல் சொன்ன பேராசிரியர் ஹவாட் கார்ட்னர், ஹாவாட் பல்கலைக்கழகம். அவர் உண்மையாச் சொன்னது என்னெண்டு தெரிஞ்சு வைச்சால் ஒருத்தரும் உங்களை ஏமாத்த ஏலாது, அதால கொஞ்சம் விரிவா எழுதுறன். 1983இல எழுதின ஒரு புத்தகத்தில, அறிவு எண்டது ஒண்டில்லை, ஏழு விதம் எண்டு சொன்னவர். சொல்லும் மொழியும் கையாளுறது ஒண்டு, கணக்கும் தர்க்கமும் ஒண்டு, இசை ஒண்டு, உடம்பைச் சொன்னபடி கேக்கப் பண்ணுறது ஒண்டு, இடத்தையும் உருவத்தையும் மனக்கண்ணில திருப்பிப் பாக்கிறது ஒண்டு, மற்ற ஆக்களின்ர மனசை விளங்கிறது ஒண்டு, தன்ர மனசைத் தானே விளங்கிறது ஒண்டு. 1990களில இயற்கையை இனம் பிரிச்சு அறியிறதையும் எட்டாவதாச் சேத்தவர். மூளையில காயப்பட்ட ஆக்களோட அவர் வேலை செய்தவர், ஒரு திறமை போன பிறகும் மற்றது அப்பிடியே நிக்கிறதைக் கண்டுதான் இந்த யோசனைக்கு ஒரு பக்கத்தால வந்தவர்.

இதில ரண்டு விசயம் பாருங்கோ. ஒண்டு, எல்லா மனுசரிட்டயும் எல்லாம் இருக்கு, அளவுதான் ஆளுக்காள் வேறை எண்டுதான் அவர் சொன்னவர். "உங்கட பிள்ளை இசை அறிவு 18 வீதம்" எண்டு விரலைப் பாத்து எழுதித் தரச் சொல்லி அவர் எங்கயும் சொல்லேல்ல. மற்றது, உளவியல் படிச்ச ஆக்களில கனபேர் அவர் சொன்னதை அப்பிடியே ஏற்கிறேல்ல. 1904இலயே சால்ஸ் ஸ்பியர்மன் எண்ட ஆங்கிலேயர் ஒண்டு காட்டினவர், ஒரு பாடத்தில நல்லாச் செய்யிற பிள்ளை மற்றப் பாடத்திலயும் பெரும்பாலும் நல்லாச் செய்யுது, அப்ப எல்லாத்துக்கும் அடியில பொதுவா ஒரு திறமை ஓடுது எண்டு. அதுக்குப் பிறகு வந்த கணக்கில்லாத சோதனையளிலயும் அது திரும்பத் திரும்ப வந்திருக்கு. எட்டையும் தனித்தனி அறிவு எண்டு சொல்லாமல் திறமை எண்டு சொன்னால் காணாதோ எண்டும் கேக்கினம். எனக்கு அந்தச் சண்டையில தீர்ப்புச் சொல்லுற படிப்பு இல்லை. ஆனால் வகுப்பில நிண்ட ஆள் எண்ட முறையில, பிள்ளையை எட்டுப் பக்கத்தாலயும் பார் எண்டு கார்ட்னர் சொன்னது எனக்கு உதவினது, எட்டுப் பெட்டிக்குள்ள பிரிச்சுப் போடு எண்டு மற்ற ஆக்கள் அதைத் திரிச்சதுதான் பிள்ளையளுக்குக் கேடு. முந்தி "மக்கு" எண்டு ஒரு பேர் வைச்சம், இப்ப "இது உடல் அறிவுப் பிள்ளை, கணக்கு வராது" எண்டு இன்னொரு பேர் வைச்சால் பிள்ளைக்கு என்ன லாபம்?

உங்கட ரண்டு பிள்ளையளும் என்னத்தில நேரம் போறது தெரியாமல் நிக்குதுகள் எண்டு ஒரு மாசம் பாத்து ஒரு கொப்பியில எழுதுங்கோ. அந்த றிப்போட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை.

மல்லாவியில இருந்து ஒரு தம்பி, 22 வயசு: ஓ.எல்.லில ரண்டு தரமும் கணிதம் பெயில் ரீச்சர். லாண்ட்மாஸ்டர், தண்ணி இறைக்கிற மெசின் எல்லாம் திருத்துவன், துணுக்காய்ப் பக்கத்தில இருந்தும் ஆக்கள் தேடி வருகினம். ஆனால் சொந்தக்காரர் "படிக்காதவன்" எண்டுதான் சொல்லுகினம். திரும்பச் சோதினை எடுக்கவோ, இப்பிடியே இருக்கவோ?

தம்பி, நீர் எழுதின கடிதத்தில ஒரு வரியை இங்க போட வேணும், மற்ற ஆக்களும் வாசிக்கட்டும்: "மெசின் கூடிக் குறைஞ்சு கூடிக் குறைஞ்சு ஓடினால் முதல்ல எயார் பிடிச்சிருக்கோ எண்டு பாப்பன், எயார் எடுத்தும் அப்பிடியே எண்டால்தான் மற்றதைக் கழட்டுவன், சும்மா எல்லாத்தையும் கழட்டினால் வயல்காரனுக்கு ஒரு நாள் வீண்." இது என்ன தெரியுமோ? சத்தத்தைக் கேட்டு, இதாத்தான் இருக்கும் எண்டு ஒண்டை நினைச்சு, அதைச் சோதிச்சு, பிழையெண்டால் அடுத்ததுக்குப் போறீர். சோதினையில "தர்க்கரீதியாகச் சிந்தித்தல்" எண்டு எழுதிக் கேக்கிறது இதைத்தான். ரொபேட் ஸ்டேர்ன்பேக் எண்ட உளவியலாளர் 1985இல, ஆராய்ஞ்சு பாக்கிற அறிவு, புதுசா உருவாக்கிற அறிவு, நடைமுறை அறிவு எண்டு மூண்டாப் பிரிச்சுச் சொன்னவர். பள்ளிக்கூடம் பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான் அளக்குது எண்டதும் அவர் சொன்னதுதான். உம்மட்ட மூண்டாவது தாராளமா இருக்கு, முதலாவதும் இருக்கு, அது கையில இருக்கே தவிர பேப்பரில இல்லை.

இப்ப செய்யக்கூடியதைச் சொல்லுறன். வேலை அனுபவத்தைப் பாத்து, பரீட்சகர் முன்னால செய்து காட்ட வைச்சு, என்.வி.கியூ. எண்ட தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் குடுக்கிற முறை எங்கட நாட்டில இருக்கு, அதுக்கு ஓ.எல். கணிதம் பாஸ் எண்டு நிக்கத் தேவையில்லை. நைற்றா எண்ட அரசாங்கத் தொழில் பயிற்சி அதிகார சபையின்ர மாவட்ட அலுவலகத்தில போய் "முன் அனுபவத்துக்கு என்.வி.கியூ. எடுக்க வேணும்" எண்டு கேளும். கிளிநொச்சி அறிவியல்நகரில 2016இல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலயும் வாகன வேலை, மெசின் வேலை படிப்பிக்கினம், ஒருக்காப் போய் விசாரியும். படிச்சுக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமார் இருந்தால் அவையளுக்கும் சொல்லும், 2017இல கொண்டுவந்த 13 வருசக் கல்வித் திட்டத்தில ஓ.எல். சித்தி இல்லாட்டியும் தெரிவு செய்த பள்ளிக்கூடங்களில தொழில் பாடப் பிரிவில உயர்தரம் போகலாம்.

கணிதமும் எடும், மூண்டாந்தரம். சொந்தக்காரருக்காக இல்லை. எத்தினை குதிரைவலு மெசின் எத்தினை ஏக்கருக்கு எத்தினை மணித்தியாலத்தில இறைக்கும் எண்ட விகிதக் கணக்கு உமக்குத் தலையில ஓடுது, அதை எழுதப் பழகினால் நாளைக்கு வேர்க்சொப் போடேக்க விலைமதிப்பீடு எழுதவும் வங்கியில கடன் கேக்கவும் இன்னொருத்தரைத் தேடத் தேவையில்லை. ரியூசனில போய்ப் பின்வாங்கில இராமல், ஒரு ஆளிட்டத் தனியாக் கேட்டு, விகிதம், வீதம், பரப்பளவு இந்த மூண்டிலயும் தொடங்கும்.

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு இளம் ஆசிரியை: என்ர வகுப்பில 38 பிள்ளையள் ரீச்சர். கருத்தரங்கில ஒவ்வொரு பிள்ளையும் பாத்துப் படிக்கிறதோ, கேட்டுப் படிக்கிறதோ, செய்து படிக்கிறதோ எண்டு பிரிச்சு அதுக்கேற்ற மாதிரிப் படிப்பியுங்கோ எண்டு சொன்னவை. 38 பேருக்கும் எப்பிடி?

பிள்ளை, உம்மட பயம் நியாயமானது, ஆனால் அந்தப் பாரத்தை இறக்கி வையும். பஷ்லர் எண்டவரும் இன்னும் மூண்டு உளவியலாளரும் 2008இல இதைப் பற்றி வந்த ஆய்வுகளை எல்லாம் ஒழுங்காப் பாத்தவை, பிள்ளையை வகை பிரிச்சு அந்த வகைக்கு ஏத்த மாதிரிப் படிப்பிச்சால் கூடப் படிக்கும் எண்டதுக்குப் போதுமான ஆதாரம் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம். கார்ட்னரும் 2013இல, நான் சொன்ன பல்வகை அறிவு வேறை, உந்தக் கற்றல் பாணி வேறை, ரண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ எண்டு எழுதினவர்.

பிள்ளையைப் பிரிக்கத் தேவையில்லை, பாடத்துக்குள்ள போற வாசலைத்தான் கூட்ட வேணும். எல்லாருக்கும் ஒரே பாடம், ஆனால் ரண்டு மூண்டு வாசல். நீர் விகிதம் படிப்பிக்கிறதெண்டு எழுதினீர், உம்மட பிள்ளையளில பாதிக்கு வீட்டில வயல். ஏக்கருக்கு 2 புசல் விதைநெல், ஒரு புசல் கிட்டத்தட்ட 21 கிலோ, மூண்டரை ஏக்கருக்கு எத்தினை கிலோ வேணும் எண்டு கேளும். புத்தகத்தில ஆப்பிளும் ரெயினும் எண்டு வரேக்க வாயைத் திறக்காத ஒரு பிள்ளை "7 புசல் ரீச்சர், அப்பா எட்டுப் போடுவார், குருவி தின்னும் எண்டு" எண்டு சொல்லும். நான் கேட்டிருக்கிறன். அதுக்குப் பிறகு 147 கிலோவைக் கரும்பலகையில எழுதிக் காட்டினால் அந்த விகிதம் மறக்காது. கார்த்திகை மார்கழி மழைக்கு இரணைமடுக் குளத்தில தண்ணி இண்டைக்கு எத்தினை அடி எண்டு வீட்டில, பஸ்ஸில, கடையில எல்லா இடமும் கதைதானே, 36 அடிக்குக் கிட்ட வந்தால் வான்கதவு திறக்கப் போகினம் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இலக்கங்களை ஒரு மாசம் சுவரில ஒட்டி நாளுக்கு நாள் வரைபு கீறப் பண்ணும். மழை கொட்டின நாளில கோடு ஏன் நிமிருது, கதவு திறந்த பிறகு ஏன் சரியுது எண்டு அவையளே வாதாடுவினம். கீறக்கூடிய பிள்ளை கீறும், கதைக்கக்கூடியது விளங்கப்படுத்தும், வாய்க்காலுக்குப் போனது கதை சொல்லும், கடைசியில 38 பேரும் வரைபு வாசிக்கப் பழகியிருப்பினம்.

கடைசியாச் சொன்னதை மட்டும் விட்டிடாதேயும். "இவனுக்குக் கீறத்தான் வரும்" எண்டு ஒரு பிள்ளையைக் கீற மட்டும் விட்டால் அது வருசம் முழுக்கக் கீறிக்கொண்டே இருக்கும், வாசிக்கத் தெரியாமல் வகுப்பு ஏறிப் போகும். 7ஆம் ஆண்டில வாசிக்கத் தெரியாமல் வந்த பிள்ளையளை நான் கண்டனான், எல்லாம் வடிவாக் கீறுறதுகள். முதல் ஆண்டுகளில ஆரோ அன்பாத்தான் அதுகளை விட்டிருக்கினம். அந்த அன்பு பிள்ளைக்குச் செய்த அநியாயத்தை நினைச்சால் இப்பவும் எனக்கு நெஞ்சு பதைக்கும்.

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு தாத்தா: பேரன் பள்ளிக்கூடத்தில ஒண்டும் தெரியாது எண்டு நிக்கிறான், காட்டுக்குள்ள விட்டால் பாலை எது, வீரை எது, முதிரை எது, உடும்பு எந்தப் புத்துக்க நிக்கும், யானை எந்தப் பக்கத்தால போட்டுது எல்லாம் சொல்லுவான். உது அறிவில சேருமோ பிள்ளை?

சேரும் ஐயா, நல்லாச் சேரும். கார்ட்னர் பேந்து சேத்த எட்டாவது அறிவு இதுதான். நீங்கள் அவனுக்குச் சொல்லிக் குடுத்தது எவ்வளவு பெரிய படிப்பு எண்டு உங்களுக்கே தெரியாமல் இருக்கு. இலையைத் தொட்டு, பட்டையைப் பாத்து, மணந்து பாத்து மரத்தைப் பிரிக்கிறதைத்தான் பல்கலைக்கழகத்தில தாவரவியல் எண்டு படிக்கினம். அவனுக்கு ஒரு தடிச்ச கொப்பி வாங்கிக் குடுங்கோ, ஒரு பக்கத்துக்கு ஒரு மரம், இலையை ஒட்டி, எந்த மாசம் பூக்கும், ஆர் தின்னும், என்னத்துக்கு உதவும் எண்டு நீங்கள் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். எழுத்துப் பிழையைப் பாத்துப் பேசாதேங்கோ, முதல்ல எழுதட்டும். அந்தக் கொப்பியை அவன்ர விஞ்ஞான ரீச்சரிட்ட நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கோ. உயர்தரத்தில 2013இல இருந்து தொழில்நுட்பப் பிரிவு இருக்கு, அதில உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் எண்டொரு பாடம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடமும் உங்களுக்குக் கிட்ட, கிளிநொச்சியில்தான் இருக்கு. அவனுக்கு அது தூரத்து ஊர் இல்லை.

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு மாணவி: நான் உயர்தரம் படிக்கிறன், வீட்டில மூத்தவள், அம்மா வேலைக்குப் போறா. படிப்பில நடுத்தரம்தான். வகுப்பில சண்டை வந்தால் எல்லாரும் என்னட்டத்தான் வருவினம், தம்பியாக்களும் நான் சொன்னால்தான் கேப்பினம். இதைத் தவிர எனக்கு ஒரு கெட்டித்தனமும் இல்லை.

மகள், "இதைத் தவிர" எண்டு எழுதினீர் பாரும், அதை வெட்டிப்போட்டுத் திரும்ப வாசியும். தன்ர மனசையும் மற்ற ஆக்களின்ர மனசையும் அறிஞ்சு நடக்கிறதை உணர்வு சார்ந்த அறிவு எண்டு சலோவி, மேயர் எண்ட ரண்டு பேர் 1990இல எழுதிச்சினம், டானியல் கோல்மன் 1995இல எழுதின புத்தகத்தோட அது உலகம் முழுக்கப் பரவினது. தாதி, ஆசிரியை, சமூக சேவை, சட்டம், கிராம அலுவலர் எண்டு எத்தினையோ வேலையில அது இல்லாத ஆள் தடுமாறும்.

ஆனால் ஒரு விசயத்தை உம்மட அம்மாவும் வாசிக்க வேணும் எண்டு எழுதுறன். எங்கட சனம் பொம்பிளைப் பிள்ளைக்கு "பொறுப்பானவள்" எண்டு பட்டம் குடுத்திட்டு அதோட சேத்து முழு வீட்டு வேலையையும் தலையில ஏத்திப் போடும். உம்மட பொறுமை உம்மட படிப்பு நேரத்தைத் தின்னக்கூடாது. பின்னேரம் 6 மணியில இருந்து 9 மணி வரைக்கும் உம்மட நேரம், தம்பியாக்கள் தங்கட கோப்பையைத் தாங்களே கழுவட்டும். அவையள் நீர் சொன்னால் கேப்பினம் எண்டு நீர்தானே எழுதினீர்.

முள்ளியவளையில இருந்து ஒரு அம்மா: மகனுக்கு 12 வயசு. இந்த முறை காத்தவராயன் கூத்தில காத்தானின்ர சின்ன வயசு வேசத்துக்குக் கூத்துப் பழக்கிற அண்ணாவியார் கேட்டிருக்கிறார். அவனுக்கு நல்ல விருப்பம். ஆனால் ரியூசன் சேர் "கூத்தாடினால் படிப்புப் போயிடும்" எண்டு சொல்லுறார். விடவோ ரீச்சர்?

விடுங்கோ தங்கச்சி, சந்தோசமா விடுங்கோ.

அந்தப் பிள்ளை என்ன செய்யப் போறான் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. நூற்றுக்கணக்கான வரி மனப்பாடம், அதுவும் ராகத்தோட, தாளத்தோட, காலில மிதியோட. எதிர்ப்பாட்டு முடியிற இடம் பாத்து எடுக்க வேணும், சபை அழேக்க தான் அழாமல் நிக்க வேணும். சொல், இசை, உடம்பு, மற்றவரின்ர மனசு எல்லாம் ஒரு இரவில ஒண்டா வேலை செய்யுது. எங்கட பக்கத்தில ஒரு பெரியவர் இருந்தவர், வயசில கூத்தில பேர்போனவர். பக்கவாதம் வந்து கதை நிண்டிட்டுது. தண்ணி வேணும் எண்டு சொல்ல ஏலாமல் கையைக் காட்டி, விளங்காட்டிக் கண் கலங்கிப் போவார். ஒருநாள் பின்னேரம் பேத்தி பக்கத்தில இருந்து பழைய கூத்துப் பாட்டு ஒண்டை முணுமுணுக்க, இவர் அடுத்த வரியை எடுத்திட்டார். சொல்லுப் பிசகாமல், நாலு வரி. வீட்டில எல்லாரும் ஓடி வந்திட்டினம். கதை போன ஆக்களில சிலருக்குப் பாட்டு வாறது உலகம் முழுக்க வைத்தியர்மார் கண்ட விசயம்தான், கார்ட்னர் இசையைத் தனி அறிவு எண்டு எழுதினதுக்கு இப்பிடியான ஆக்களும் ஒரு காரணம். எனக்கு அது அண்டைக்கு அந்தத் திண்ணையில வைச்சுத்தான் விளங்கினது.

படிப்பைப் பற்றிப் பயப்பிடுறீங்கள் எண்டால் அண்ணாவியாரிட்ட நேரத்தைக் கதைச்சு எடுங்கோ, பழக்கம் இரவு 8 மணிக்குப் பிறகு போகக்கூடாது, சோதினைக் கிழமையில பழக்கம் இல்லை எண்டு. எனக்குத் தெரிஞ்ச அண்ணாவிமார் ஒருத்தரும் அதுக்கு மாட்டன் எண்டு சொன்னதில்லை. ரியூசன் சேரையும் கூத்துக்குக் கூப்பிடுங்கோ, முன்வரிசையில இருத்துங்கோ. திகதி வைச்சவுடன எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கோ, விடியவிடிய இருக்கிறதுக்குப் பாயும் சுடுதண்ணிப் போத்தலும் நான் கொண்டு வாறன்.